தெற்குச் சுவரும் சோடாப் பேணிகளும்

"…ஓட்டை போடுறதெண்டால் இந்த வீட்டிலை வேறை சுவரே இல்லையே? வயசு போன மனுசன் படுக்கப்போற அறை. அதிலை போய், எமன்ரை பக்கத்துச் சுவரிலை, அதுவும் ஒண்டுக்கு ரண்டு ஓட்டை. என்ரை அப்பு உங்களுக்கு என்ன செய்தவர்?"

சென்ற சனிக்கிழமை நடுப்பகல். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்வளவு. முழங்கால் அளவு ஸ்னோவுக்குள் நின்று தவமணி அக்கா இதைக் கேட்டார்.

கேட்கப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் அவருடைய கணவர் குணம் அண்ணை - கையில் துளை போடும் மெஷின். அடுத்தவர் கூட்டாளி நேசன் - கையில் அளவு நாடா. மூன்றாவது ஆள் நான். என் கையில் ஒன்றுமில்லை. பத்தி எழுதுகிறவனுக்கு அதுதானே வசதி…

தெற்கு யாருடைய திசை என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தெற்கே பார்த்த வாசல் என்றால் வீட்டையே வாங்காமல் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நாலைந்து குடும்பம் உண்டு. அப்படியிருக்க, இல்லாத வாசலைத் தெற்கில் நாமே வெட்டுவதா? அதுவும் எழுபத்துநாலு வயதுத் தகப்பனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில்?

அக்காவின் பக்கத்தில் நியாயம் இருந்தது. குணம் அண்ணையின் பக்கத்தில் வெயில் இருந்தது. நடுவில் ஒரு சுவர்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் சரிவரும்.

குணம் அண்ணையும் தவமணி அக்காவும் அந்த வீட்டை வாங்கி மூன்று வருடமாகிறது. பழைய வீடு. முன்னர் இருந்த மனிதர் வீட்டின் பின்பக்கத்தில் தன் கைப்பட ஒரு அறையை ஒட்டவைத்திருந்தார். ஒட்டவைத்தவர் ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார் - நிலவறையில் இருக்கும் ஃபேர்னஸிலிருந்து அந்த அறைக்குச் சூடு வருவதற்கு ஒரு குழாய். கோடையில் அருமையான அறை. குளிர்காலத்தில்? "பிரிட்ஜ் நிறைஞ்சால் அதுக்கை வைக்கலாம்" என்பார் குணம் அண்ணை. வைத்தும் இருக்கிறார்கள். ஒரு பிறந்தநாளுக்கு இரண்டு சட்டி கோழிக்கறி அந்த அறையில் மூன்று நாள் கெடாமல் இருந்ததை நானே சாப்பிட்டுச் சாட்சி சொல்வேன்.

ஒக்ரோபரில் அக்காவின் தகப்பனார் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி, கொழும்பு லொட்ஜில் ஏழு மாதம் விசாவுக்குக் காத்திருந்து வந்தவர். எல்லோருக்கும் அவர் அப்பு. மகளைக் கண்டு பதினொரு வருடம். விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நாங்கள் எல்லோரும் கைக்குட்டையோடு நின்றோம். அவர் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழுத்துப் போனாய். நல்லது" என்றார். அழுதது நாங்கள்தான்.

அப்புவுக்கு வலது முழங்கால் மடங்காது. படுக்கையறைகள் எல்லாம் மேல்மாடியில். கீழே இருப்பது அந்தக் குளிர் அறை ஒன்றுதான். ஆகவே அப்பு வரவேற்பறைச் சோபாவில் படுத்தார்.

நம் வீடுகளில் வரவேற்பறைச் சோபா என்றால் சும்மாவா? ரீவி அங்கே. ரெலிபோன் அங்கே. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்து "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று வருகிறவர்கள் அங்கே. எட்டு மணிக்குப் படுத்துப் பழகிய மனிதர், யாரும் வந்தால் எழும்பிப் போர்வையை மடித்து வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருப்பார். வந்தவர் போன பிறகு திரும்ப விரிப்பார். நானும் அப்படி வந்து போனவர்களில் ஒருவன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின் அறைக்கு ஒரு கரண்ட் ஹீற்றர் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். பகலில் குசினியில் சோற்றுச் சட்டியும் கிரைண்டரும் ஓட, அறையில் ஹீற்றரும் ஓட - டப். பிறேக்கர் விழுந்துவிடும். வீட்டில் பாதி இருட்டு. அப்பு இருட்டுக்குள் இருந்து, "இஞ்சையும் கரண்ட் கட்டோ?" என்று கேட்பார். பழகியவர் அல்லவா! அந்த மாதத்துக் கரண்ட் பில்லைக் குணம் அண்ணை எனக்குக் காட்டவில்லை. முகத்தைக் காட்டினார். போதும்.

இதற்குள் மொன்றியலில் இருக்கும் அக்காவின் தம்பிக்குச் செய்தி போய்விட்டது. அவர் இருப்பது அப்பார்ட்மெண்டில். லிஃப்ட் உண்டு. வாடகைக்குள்ளேயே சூடும் சேர்த்தி. போன் எடுத்தார்.

"அக்கா, அப்பு சோபாவிலை கிடக்கிறார் எண்டு கண்டவன் நிண்டவன் எல்லாம் என்னட்டைக் கேக்கிறான். எனக்கும் தகப்பன்தானே? ஸ்னோ கொஞ்சம் குறையட்டும், நான் காரைக் கொண்டு வந்து ஏத்திக்கொண்டு போறன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பிழை என்றால் சண்டை பிடிக்கலாம். நியாயத்தோடு யார் சண்டை பிடிப்பது?

"பதினொரு வருசத்துக்குப் பிறகு வந்த மனுசன், தம்பி" என்றார் அக்கா என்னிடம். "இன்னும் ஆளோடை ஒழுங்காய் இருந்து கதைக்கேல்லை. கதைக்கத் துவங்கினால் ஆரும் பெல் அடிக்கினம்."

அன்றைக்குத்தான் குணம் அண்ணை தீர்மானித்தார்.

அவர் சாமான் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலைக்கும் பஸ்ஸுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் லைப்ரரியில் போய் உட்கார்ந்து, படம் போட்ட பழைய சஞ்சிகைகளைப் புரட்டுவது பழக்கம். அதில் ஒன்றில் பார்த்திருக்கிறார் - வீட்டில் செய்யக்கூடிய சூரியச் சூட்டுப் பெட்டி.

அதன் சூட்சுமம் மிகச் சின்னது. கதவளவில் ஒரு மரப்பெட்டி. முகத்துக்குக் கண்ணாடி. உள்ளே, குடித்துவிட்டு எறியும் வெறும் சோடாத் தகரப் பேணிகள் - அடியையும் தலையையும் துளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, புட்டுக்குழல்கள் மாதிரி வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ற். வெயில் பட்டால் பேணி சுடும். அறைக்குள் இருக்கும் குளிர்காற்று கீழ் ஓட்டையால் பெட்டிக்குள் போய், பேணிகளுக்குள்ளால் ஏறி, மேல் ஓட்டையால் சூடாக அறைக்குத் திரும்பி வரும். தள்ளிவிட ஒரு சின்ன ஃபான். அவ்வளவுதான்.

"கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறம்" என்றார் குணம் அண்ணை. ஆகாயத்தைக் காட்டி, "உங்கை பாரும் வெண்ணெயை" என்றார்.

நான் பார்த்தேன். அன்றைக்கு முகில். ஆனாலும் பழமொழி நன்றாக இருந்ததால் தலையாட்டினேன்.

எனக்கு இதில் பேசத் தகுதியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாவது மாடியில். எங்கள் கட்டடத்தில் சூட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஜனவரியில் பெனியனோடு நின்று யன்னலைத் திறந்து விடுகிறவர்கள் நாங்கள். இருபது கிலோமீற்றர் தள்ளி ஒரு மனிதர் சோடாப் பேணியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார் அப்புவுக்குச் சூடு பிடிக்க. நான் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நீளமான குழாய் இருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும்…

பெட்டிக்குச் சாமான் சேர்ந்த விதம் தனிக் கதை.

ரொறன்ரோவில் நம் ஆட்களிடம் ஒரு சாமான் தேவை என்று சொல்லிப் பாருங்கள். "கடையிலை வாங்கு" என்று யாராவது சொல்வார்களா? "பொறு, உது எங்கடை ஃபக்டரியிலை எறியிறவங்கள்" என்பார்கள். ஆளுக்கொரு ஃபக்டரி. ஆளுக்கொரு எறிகிற சாமான். நேசன் வேலை செய்வது யன்னல் செய்யும் இடத்தில். அளவு ஒரு அங்குலம் பிழைத்துப்போன பெரிய கண்ணாடி ஒன்றை, சுப்பவைசரிடம் கேட்டு, பழைய கம்பளியில் சுற்றி, பிள்ளையைக் கொண்டு வருவதுபோல் வான் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டு வந்தார். தளபாடக் கடைக்காரர் ஒருவர் பலகை தந்தார். கம்பியூட்டர் பூட்டுகிற இடத்தில் இருந்து ஃபான் வந்தது. கறுப்புப் பெயின்ற் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. அதை வாங்கியதற்குக் குணம் அண்ணையை நேசன் ஏசினார். "ஒரு கிழமை பொறுத்திருந்தால் அதுக்கும் ஆள் பிடிச்சிருப்பன்."

பேணிக்கு என்ன செய்வது? இருநூறுக்கு மேல் வேண்டும்.

அந்த வாரம் பெரியவளான ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு வந்தது. பெரிய மண்டபம், ஐந்நூறு சனம். சாப்பாடு முடிந்து எல்லோரும் படம் எடுக்க மேடைக்குப் போன நேரம், குணம் அண்ணை கோட்டும் சூட்டுமாக, கறுப்புக் குப்பைப் பை ஒன்றோடு மேசை மேசையாகப் போனார். பின்னால் நான், இன்னொரு பையோடு. பட்டு வேட்டி. குலுக்கிப் பார்ப்பது, மிச்சத்தை ஊற்றுவது, பைக்குள் போடுவது. இரண்டு பேரும் வேலையில் மூழ்கிவிட்டதால் மண்டபம் அமைதியானதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. குணம் அண்ணைக்கு வேலை போய்விட்டதாம். வீட்டுக் கடன் கட்ட வழியில்லையாம். பேணி பொறுக்கி விற்கிறாராம். பத்தி எழுதுகிறவரும் கூட்டாம் - பாவம், எழுதி என்ன வரப்போகிறது? உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் ஊர்வாயிலும் ஒரு நல்லது உண்டு. மத்தியானத்துக்குள் மூன்று பேர் குணம் அண்ணைக்கு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் தன் ஃபக்டரியில் இரவுச் சிஃப்ற் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் ஒரு மூட்டை அரிசியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். யார் என்று இன்றுவரை தெரியாது. இந்தப் பத்தியை அவர் படித்தால் - அரிசி நன்றாக இருந்ததாம்.

பேணிகள் கழுவப்பட்டது குளியல் தொட்டியில். அக்கா இரண்டு நாள் சோடா மணக்கக் குளித்தார். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. பெட்டி யாருக்காக என்பது அவருக்குத் தெரியாதா?

டிசம்பர் நடுவில் பெட்டி தயார். இனி எந்தப் பக்கம் வைப்பது?

சஞ்சிகையில் தெளிவாக எழுதியிருந்தது: தெற்கு.

"தெற்கே?" என்றார் அக்கா. கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான். "ஏன், கிழக்கிலை வையுங்கோவன். சூரியன் அங்காலைதானே வாறார்?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எத்தனை நியாயமான கேள்வி! சூரியன் வருவது கிழக்கில். காலையில் எழும்பி முகம் கழுவி நாம் கும்பிடுவது கிழக்கு நோக்கி. வெயில் வேண்டுமென்றால் வெயில் வருகிற வாசலில் அல்லவா சட்டியை வைக்க வேண்டும்? சஞ்சிகை எழுதியவனுக்கு என்ன தெரியும் என்று பேசிக்கொண்டோம். அந்த அறையின் கிழக்குப் பக்கத்தில் ஒரு யன்னலும் இருந்தது. சுவரை வெட்டாமல், யன்னலைத் திறந்து, பலகை அடித்து, அதில் இரண்டு குழாய் விட்டுப் பெட்டியைப் பூட்டினோம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தலையாட்டியவர்களில் நேசன், ஊரில் பதினைந்து வருடம் பூகோளம் படிப்பித்தவர்.

மூன்று கிழமை. காலையில் பக்கத்து வீட்டின் நிழல். பத்து மணிக்குச் சூரியன் அந்தக் கூரையைத் தாண்டி வந்து, பெட்டியைச் சரிவாக ஒருதரம் தடவிவிட்டு, பதினொன்றுக்குப் போய்விடும். அப்புறம் அது சும்மா ஒரு பெட்டி. பார்க்க வந்தவர்கள் கண்ணாடிக்குள் வரிசையாக நின்ற பேணிகளைப் பார்த்து, "என்ன அண்ணை, சோடா யாவாரமோ?" என்று கேட்டார்கள்.

அப்பு ஒருநாள் கோட்டும் தொப்பியுமாக அந்த அறைக்குள் போய், ஓட்டைக்கு முன்னால் கதிரை போட்டு அரை மணித்தியாலம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு மருமகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, குறை நினைக்காதையும். உது சூடு தாறதோ, இல்லாட்டி என்னட்டை இருக்கிறதை வாங்கிறதோ?"

குணம் அண்ணை அன்று இரவு சாப்பிடவில்லை என்று கேள்வி.

திருப்பம் குசினியில் நடந்தது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேசனும் நானும் அங்கே தேத்தண்ணியோடு நின்றோம். யன்னல் விளிம்பில் ஒரு தட்டு. அதில் மோர்மிளகாய், நன்றாகக் காய்ந்து கலகலவென்று. ஜனவரி மாதத்தில்! வெளியே மூக்கு உறைகிற குளிர்.

"அக்கா, இதை எப்பிடிக் காய வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"இந்த யன்னல்தான் தம்பி நல்லம். காலமை வாற வெயில் நாலு மணி மட்டும் அசையாது. முதல் அங்காலை, கிழக்கு யன்னலிலை வைச்சுப் பார்த்தன். பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு."

குணம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். யன்னலைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார்.

"நேசன், இது எந்தப் பக்கம்?"

பூகோள ஆசிரியர் தேத்தண்ணிக்குள் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "தெற்கு."

அதற்குப் பிறகு நேசன் எங்களுக்கு நடத்திய பாடத்தைச் சுருக்கித் தருகிறேன். ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு ஏறிப்போகிறவர். இந்த ஊரில் குளிர்காலத்தில் அவர் மேலே ஏறுவதே இல்லை. வேலைக்குப் பிந்தி வந்தவன் சுப்பவைசரின் கண்ணில் படாமல் சுவரோரமாகப் போவதுபோல், தென்கிழக்கில் தலைகாட்டி, தெற்கோரமாகவே பதுங்கிப் போய், தென்மேற்கில் மறைந்துவிடுகிறார். நாடு மாறி வந்தோம், மொழி மாற்றினோம், சப்பாத்து மாற்றினோம். சூரியனை மட்டும் பழைய இடத்திலேயே வந்து நிற்கச் சொன்னோம்!

"இது தெரிஞ்சுகொண்டே அண்டைக்குத் தலையாட்டினனீர்?" என்று கேட்டார் குணம் அண்ணை.

"சோதினைக்குப் படிப்பிச்சது அண்ணை" என்றார் நேசன். "வீட்டுக்கு வரும் எண்டு நினைக்கேல்லை."

குணம் அண்ணை மனைவியின் பக்கம் திரும்பினார். "தவம், உம்மடை மிளகாய்த் தட்டு இவ்வளவு நாளும் தெற்கு யன்னலிலைதானே இருக்கு? ஒண்டும் நடக்கேல்லையே?"

அக்கா தட்டை எடுத்து ஒருதரம் குலுக்கிவிட்டுத் திரும்ப வைத்தார்.

"மிளகாய்க்கு எமன் வாறேல்லை."

பேச்சு அத்தோடு முடிந்தது.

போன புதன்கிழமை மொன்றியலிலிருந்து மறுபடி போன். "ரோட்டு நல்லாய்க் கிடக்கு. ஞாயிறு மத்தியானம் வாறன். அப்புவின்ரை சூட்கேசை அடுக்கி வையுங்கோ."

அக்கா சூட்கேசை எடுத்தார். அடுக்கவில்லை. திறந்தபடி மாடிப்படியின் அடியில் இரண்டு நாள் கிடந்தது. போகிறவர் வருகிறவர் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சனிக்கிழமை காலை குணம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "வாரும். ஓட்டை போடாமல் சும்மா சாத்தி வைச்சுப் பார்ப்பம். அதுக்குத் தவம் ஒண்டும் சொல்லமாட்டா."

இந்த ஊரின் ஒரு குணம் உங்களுக்குத் தெரியும். முகில் இருந்தால் குளிர் கொஞ்சம் குறைவு. வானம் பளிச்சென்று நீலமாக இருந்தால் எலும்பு வெடிக்கும். அன்று நீலம். கிழக்கில் இருந்து பெட்டியைக் கழற்றி, பின்வளவுக்குத் தூக்கி வந்து, இரண்டு குசினிக் கதிரைகளை ஸ்னோவுக்குள் நட்டு, தெற்குச் சுவரில் சாத்தினோம். ஃபானுக்குக் குசினி யன்னலால் வயர்.

பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். பேணிகள் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தன. சூடேறும் தகரத்தின் சத்தம்.

நேசன் மேல் ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டினார். மற்றக் கையையும் நீட்டினார். பிறகு முகத்தைக் கொண்டுபோனார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் இருந்த பனி உருகி வழிந்தது.

"ஸ்னோவிலை பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் சேர்ந்து வருது" என்றார், ஆசிரியர் குரலில்.

குணம் அண்ணை குசினிக் கதவில் தட்டி அக்காவைக் கூப்பிட்டார். அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ஓட்டைக்கு முன்னால் கையை வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த முகத்தில் மெல்ல ஒன்று மலர்ந்துகொண்டு வந்ததை நான் கண்டேன். அறை. கட்டில். கதவைச் சாத்திவிட்டு, பெல் சத்தம் கேளாமல், தகப்பனாரோடு இருந்து கதைக்கிற ஒரு பின்னேரம்…

அப்போதுதான் திரும்பினார். சூட்டைக் கண்ட துணிவில் நாங்கள் சுவரில் பென்சிலால் போட்டிருந்த இரண்டு வட்டங்களைக் கண்டார். கணவரின் கையில் மெஷினைக் கண்டார். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டுவிட்டீர்கள் - எமன்ரை பக்கத்துச் சுவர், ஒண்டுக்கு ரண்டு ஓட்டை.

நாங்கள் மூவரும் ஸ்னோவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிள்ளை."

குசினிக் கதவில் அப்பு. கோட், தொப்பி, அதற்கு மேல் ஒரு போர்வை. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"எமனுக்குத் திசை கிடக்கே பிள்ளை? அங்கை எங்களுக்கு மேலாலை எல்லோ வந்தவன். பொம்மரிலை. பங்கருக்கை குந்திக்கொண்டு நான் ஒருநாளும் தெற்கைப் பாக்கேல்லை. மேலைதான் பார்த்தனான்."

அக்கா கதவுப் பக்கம் திரும்பினார்.

"எங்கடை வீடு கிழக்கு வாசல். சாத்திரியார் வந்து நூல் பிடிச்சுப் பார்த்துக் கட்டினது. இப்ப அதிலை வாசல் மட்டும்தான் மிச்சம்." அப்பு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இஞ்சை தெற்காலை வெயில் வருது எண்டு இவங்கள் சொல்லுறாங்கள். வரட்டும். வெயிலுக்குப் பின்னாலை அவனும் வந்தானெண்டால், வந்து குளிர் காஞ்சிட்டுப் போகட்டும். இப்ப கதவைச் சாத்தப் போறன், குளிருது."

சாத்திவிட்டார்.

இப்படி ஒரு சொல்லை நான் எத்தனை புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கப் போகிறேன்? என் நோட்டுப் புத்தகம் பதினாலாவது மாடியில் கிடந்தது. பெட்டியின் பின்பலகையில் பென்சிலால் எழுதி வைத்தேன். அது இப்போதும் அங்கே, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது.

அக்கா மூக்கை உறிஞ்சினார். குளிருக்காக இருக்கலாம். பிறகு கணவரிடமிருந்து பென்சிலை வாங்கி, இரண்டு வட்டத்தையும் கையால் அழித்துவிட்டு, இரண்டடி தள்ளி வேறு இரண்டு வட்டம் போட்டார்.

"தலைமாட்டிலை வேண்டாம். கால்பக்கம் போடுங்கோ. சூடு தலையிலை அடிச்சால் அப்புவுக்குத் தலையிடிக்கும்."

நாலு மணிக்குள் வேலை முடிந்தது. மெஷின் சுவரைத் துளைத்த அந்த ஐந்து நிமிடமும் அக்கா சாமி அறைக்குள் நின்றதாகக் கேள்வி. நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. என்னை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் போனேன். பத்தி எழுதுகிறவன் அந்த நாளை விடுவானா?

ஒரு மணிக்குத் தம்பியாரின் கார் வந்தது. நல்ல மனிதர். ஆறு மணித்தியாலம் ஓடி வந்த களை முகத்தில். சூட்கேசைத்தான் முதலில் தேடினார். படியடியில் அது இல்லை.

பின் அறைக்குள் கூட்டிப் போனார்கள். கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து, அப்பு நடுவில் பெனியனும் இடுப்பில் சாரமுமாக உட்கார்ந்திருந்தார். தம்பியார் கோட்டோடு கதிரையில் உட்கார்ந்தார். பேணிகள் சுவருக்கு அப்பால் டிக் டிக் என்றன.

கொஞ்ச நேரத்தில் கழுத்துச் சால்வையைக் கழற்றினார். கதை போனது. கோட்டைக் கழற்றினார். அப்பு ஊரில் இருந்த ஒரு மாட்டைப் பற்றி ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்வெற்றரைத் தலைவழியே இழுத்தார். பிறகு அவருடைய வாயாலேயே வந்தது:

"அக்கா, அந்த யன்னலைக் கொஞ்சம் திறக்கலாமே?"

குணம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ராவிலை என்ன அத்தான் செய்வியள்?" என்று தம்பியார் கேட்டார். சரியான கேள்வி. சூரியன் நைற் சிஃப்ற் செய்வதில்லை. குணம் அண்ணை ஒளிக்காமல் சொன்னார் - பொழுதுபட்டால் பெட்டியின் இரண்டு ஓட்டைக்கும் மூடி, பழையபடி கரண்ட் ஹீற்றர். ராத்திரியில் கிரைண்டர் ஓடாது, பிறேக்கரும் விழாது. பகல் சூரியனுடையது, இரவு எங்களுடையது. முகில் நாளில்? "முகில் நாளிலை சோபா" என்றார். எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று என்னையும் கேட்டு எழுதாதீர்கள் - பில் வரட்டும்.

தம்பியார் தகப்பனாரைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்லுறியள் அப்பு?"

அப்பு காலை நீட்டி, மடங்காத முழங்காலை அந்தச் சூட்டுக்கு நேரே திருப்பி வைத்தார். "நான் என்னத்தைச் சொல்ல? கால் சொல்லுது."

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். முதல் நாள் பென்சிலைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அந்தப் பெட்டியைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனார். யன்னல் விளிம்பில் புதிதாகக் காயப்போட்டிருந்த மோர்மிளகாய்த் தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்து, தெற்குச் சுவரின் மேல் ஓட்டைக்கு நேரே நிறுத்தி, தட்டை அதன்மேல் வைத்தார்.